டப்ளின் கோட்டைக்கு வந்த கடிதங்கள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1801 ஜனவரி 1 முதல் அயர்லாந்துக்கெனத் தனி நாடாளுமன்றம் இல்லை. பிரிட்டனோடு இணைத்த பிறகு சட்டங்கள் லண்டனில் இயற்றப்பட்டன. நிர்வாகம் மட்டும் டப்ளின் கோட்டையிலேயே தொடர்ந்தது. ஊருக்குப் படை வேண்டும், சாலை வேண்டும், மகனுக்கு அரசு வேலை வேண்டும், சிறையிலிருக்கும் கணவனுக்கு மன்னிப்பு வேண்டும், பஞ்சத்துக்குத் தானியம் வேண்டும் என்று எது கேட்பதானாலும் அந்தக் கோட்டைக்குத்தான் எழுதினார்கள். 1818 முதல், வந்த கடிதங்களுக்கு ஆண்டும் எண்ணும் போட்டுப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அவை இன்று டப்ளினிலுள்ள அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆரம்ப ஆண்டுகளின் கடிதங்களுக்கு ஒவ்வொன்றாகக் குறிப்பெழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டிருப்பதால், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டே தேடிப் பார்க்கலாம்.

பிரபுவும் எழுதியிருக்கிறார், பாதிரியாரும் எழுதியிருக்கிறார், எழுதத் தெரியாத கைதியின் மனைவியும் யாரையோ பிடித்து எழுத வைத்திருக்கிறார். சாமானிய மக்களின் பெயரும் ஊரும் கஷ்டமும் இவ்வளவு நெருக்கமாகக் கிடைக்கும் ஆவணத் தொகுதிகள் அதிகம் இல்லை. அதனாலேயே இவற்றைத் தவறாகப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எல்லாக் கடிதமும் எதையோ கேட்டு எழுதப்பட்டது. கேட்பவர் யார், யாரிடம், எதை, ஏன் இந்த நேரத்தில் என்று பார்க்காமல் உள்ளே இருக்கும் வரிகளை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலான பிழைகளுக்கு வேர்.

முதல் குழப்பம் முகவரியிலேயே வரும். கடிதத்தின் மேலே வைஸ்ராயின் பெயர் இருக்கும். உடனே "வைஸ்ராய்க்கு எழுதினார், வைஸ்ராய் மறுத்தார்" என்று எழுதிவிடுகிறோம். கோட்டையில் வைஸ்ராய் மன்னரின் பிரதிநிதி. அவருக்கு அடுத்த தலைமைச் செயலர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார், நாடாளுமன்றம் கூடும் மாதங்களில் லண்டனில்தான் இருப்பார். டப்ளினில் நாள்தோறும் தபாலைப் பிரித்துப் பார்த்து, இது யாருக்குப் போக வேண்டும், என்ன பதில் போட வேண்டும் என்று கவனித்தவர் துணைச் செயலர். வில்லியம் கிரெகரி 1812 முதல் 1830 வரை அந்த நாற்காலியில் இருந்தார். அதற்குள் பல வைஸ்ராய்களும் தலைமைச் செயலர்களும் வந்து போய்விட்டார்கள்.

இதை வெல்லெஸ்லி காலத்தில் தெளிவாகப் பார்க்கலாம். நமக்குத் தெரிந்த அதே ரிச்சர்ட் வெல்லெஸ்லிதான். அவர் இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தபோதுதான் 1799-இல் தஞ்சாவூரின் நிர்வாகமும் 1801-இல் கர்நாடக நவாபின் ஆட்சியும் கம்பெனியிடம் போயின. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். 1821 டிசம்பரில் அவர் வைஸ்ராயாக டப்ளினுக்கு வந்தார். அவரே அயர்லாந்தில் பிறந்தவர், கத்தோலிக்கர்களுக்கு அரசியல் உரிமை தர வேண்டும் என்ற கட்சி. ஆனால் அவருக்குக் கீழே தலைமைச் செயலராக நியமிக்கப்பட்ட ஹென்றி கோல்பர்ன் அதை எதிர்த்தவர். கிரெகரியும் எதிர்த்தவர்தான். லண்டனில் உள்துறை அமைச்சராக இருந்த ராபர்ட் பீலும் அப்படியே. பீல் 1812 முதல் 1818 வரை டப்ளினில் தலைமைச் செயலராக இருந்தவர், அந்த அலுவலகத்தின் நெளிவு சுளிவெல்லாம் அவருக்குத் தெரியும். கத்தோலிக்கர் ஒருவர் வெல்லெஸ்லியை நம்பி எழுதிய மனு இவர்கள் கையைக் கடந்துதான் போக வேண்டும். இந்தியாவில் செய்ததுபோல் அவர் டப்ளினில் நினைத்ததையெல்லாம் செய்திருப்பார் என்று எண்ணிப் படித்தால், கோப்பில் நடப்பது எதுவும் புரியாது.

அடுத்தது, எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் தவறு: மாஜிஸ்திரேட்டுகள் எழுதிய அறிக்கையை அப்படியே நடந்த கதையாக எடுத்துக்கொள்வது. கவுண்டி எனப்படும் மாவட்டங்களில் மாஜிஸ்திரேட்டாக இருந்தவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்கும் அதிகாரிகள் அல்ல, உள்ளூர் நிலக்கிழார்கள். "நாடே பற்றி எரிகிறது, இரவில் யாரும் வெளியே வர முடியவில்லை, உடனே படை அனுப்புங்கள்" என்று அவர்கள் எழுதும்போது, கூடவே செலவுக் கணக்கையும் பார்க்க வேண்டும். 1814-இல் பீல் கொண்டுவந்த சட்டப்படி, கலவரப் பகுதிக்கு அமைதிகாப்புப் படை என்ற புதிய போலீஸை அனுப்பலாம். ஆனால் அதன் செலவை அந்தப் பகுதி மக்களே வரியாகக் கட்ட வேண்டும். ராணுவம் வந்தாலோ செலவு பொதுக் கஜானாவுடையது. அதனால் பலர் ராணுவத்தைக் கேட்டார்கள், போலீஸ் என்றதும் தயங்கினார்கள். 1817-இல் சட்டத்தைத் திருத்தி, செலவில் ஒரு பங்கை அரசே ஏற்கலாம் என்று ஆக்கிய பிறகு தயக்கம் குறைந்தது. ஒரே ஊரின் நிலைமை 1815-இலும் 1818-இலும் எப்படி வர்ணிக்கப்படுகிறது என்று ஒப்பிடும்போது இந்தத் திருத்தத்தை மறக்கக் கூடாது. வர்ணனை மாறினால் ஊரும் மாறிவிட்டது என்று அர்த்தமில்லை.

1822 பிப்ரவரியில் வந்த கிளர்ச்சித் தடுப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. ஒரு பகுதி கலவரப் பகுதி என்று அறிவிக்கப்பட்டால், சூரியன் மறைந்த பிறகு வீட்டுக்கு வெளியே பிடிபடுபவரை ஜூரி இல்லாமலே விசாரித்து ஏழு ஆண்டு நாடுகடத்தலாம். அந்த அறிவிப்பைக் கேட்டு எழுத வேண்டியவர்கள் மாஜிஸ்திரேட்டுகள்தான். அப்படிக் கேட்கும் கடிதத்தில் நிலைமை லேசாக இருக்கிறது என்று யார் எழுதுவார்கள்?

சரி, அப்படியானால் எல்லாம் மிகை என்று தள்ளிவிடலாமா? அது இன்னொரு தவறு. 1821-இல் லிமெரிக் கவுண்டியின் நியூகாசில் வட்டாரத்தில், கோர்ட்னே எஸ்டேட்டின் ஏஜெண்ட் அலெக்சாண்டர் ஹாஸ்கின்ஸ் குத்தகைதாரர்களை நடத்திய விதத்திலிருந்துதான் பெரிய கிளர்ச்சி கிளம்பியது. கார்க், கெர்ரி என்று பரவிய அந்தக் கிளர்ச்சி 1824 வரை ஓடியது. கொலை, தீவைப்பு, ஆயுதக் கொள்ளை எல்லாம் நடந்தன. அதே கடிதக் கட்டுக்குள் "கேப்டன் ராக்" என்ற கையெழுத்தோடு மிரட்டல் கடிதங்களும் கிடைக்கும். வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டதை மாஜிஸ்திரேட் பிய்த்தெடுத்துத் தன் கடிதத்தோடு சேர்த்து அனுப்பியிருப்பார். குத்தகையைக் குறை, தசமபாகம் (தேவாலயத்துக்கான வரி) கேட்டு வராதே, வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுக்காதே என்று அவை சொல்லும். கேப்டன் ராக் ஒரே ஆள், எங்கோ உட்கார்ந்து உத்தரவு போட்டார் என்று நினைக்க வேண்டாம். அது யார் வேண்டுமானாலும் போட்டுக்கொண்ட பெயர். மாஜிஸ்திரேட் சேர்த்து அனுப்பிய அந்தக் காகிதம் சில சமயம் அவருடைய சொந்த விளக்கத்துக்கே எதிராகப் பேசும். அவர் "ராஜதுரோகம்" என்று எழுதியிருப்பார். இணைப்பிலோ ஒரு வயல், ஒரு குத்தகைத் தொகை, ஒரு ஏஜெண்டின் பெயர்தான் இருக்கும். இணைப்பைப் படிக்காமல் கடிதத்தை மட்டும் மேற்கோள் காட்டுவது பெரிய அநியாயம்.

ஏழைகளின் மனுக்களில் வேறு விதமாக ஏமாறுவோம். "தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்ற பாணியில் தொடங்கி, மனுதாரரைப் படர்க்கையில் குறித்து, உங்கள் நீண்ட ஆயுளுக்காக என்றும் பிரார்த்திப்பேன் என்று முடியும். இதைப் படித்துவிட்டு, இந்த மக்கள் எவ்வளவு அடிமை மனத்தோடு இருந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அந்த வாசகங்கள் மனுவின் வடிவம். நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐரிஷ் பேசினார்கள், கோட்டையோ ஆங்கிலம் மட்டுமே படித்தது. கிராமத்துப் பள்ளி ஆசிரியரோ, எழுதத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரோ, பாதிரியாரோ எழுதிக் கொடுக்க, மனுதாரர் கீழே பெருக்கல் குறி போட்டிருப்பார். பணிவான சொற்கள் எழுதியவருடையவை. ஆனால் எத்தனை பிள்ளைகள், எந்தச் சிறை, எந்த நாளில் கணவனைக் கப்பலேற்றப் போகிறார்கள் என்ற விவரமெல்லாம் அந்தப் பெண் சொல்லாமல் வந்திருக்காது. நியூ சவுத் வேல்ஸுக்கு நாடுகடத்தப்பட்ட கணவனோடு தன்னையும் குழந்தைகளையும் அனுப்பிவிடுங்கள் என்று கேட்கும் மனுக்கள் பல உண்டு. அவற்றின் சடங்கு வார்த்தைகளைத் தாண்டிப் படிக்கும் பொறுமை வேண்டும். கீழே கையெழுத்திட்டிருக்கும் உள்ளூர்ப் பெரிய மனிதர்களையும் பாருங்கள். யாரால் யாரிடம் சிபாரிசு வாங்க முடிந்தது என்பது அந்த ஊரின் அதிகார வரைபடத்தையே காட்டிவிடும்.

மனு கிடைத்ததும் முடிவைத் தேடாமல் நிறுத்திவிடுவதும் உண்டு. காகிதத்தைத் திருப்புங்கள். மடித்த கடிதத்தின் பின்புறத்தில் குமாஸ்தா தேதியும் சுருக்கமும் எழுதியிருப்பார். அதன் மேல் அதிகாரி இரண்டு வரி போட்டிருப்பார்: விசாரித்த நீதிபதியின் கருத்தைக் கேள், தலையிட முடியாது என்று சொல், பதில் தேவையில்லை. பல பக்கம் எழுதியவருக்குக் கிடைத்த அரசாங்கம் சில நேரம் அந்த இரண்டு வரிதான். இணையப் பட்டியலில் உள்ள சுருக்கத்தை மட்டும் படித்தவர்களுக்கு இந்தக் கிறுக்கல் தெரியாமலே போகக்கூடும்.

கணக்கிலும் ஊர்ப் பெயரிலும் வரும் பிழைகள் சின்னவை, ஆனால் கட்டுரையையே கவிழ்க்கும். 1826 வரை அயர்லாந்தின் பணம் தனி: 13 ஐரிஷ் பவுண்டுக்கு 12 பிரிட்டிஷ் பவுண்டு. 1820-ஆம் ஆண்டுக் கடிதத்தில் ஐரிஷ் பணத்தில் 100 பவுண்டு என்றிருந்தால் பிரிட்டிஷ் கணக்கில் சுமார் 92தான். ஐரிஷ் மைல் 2,240 கெஜம், ஆங்கில மைல் 1,760. ஐரிஷ் ஏக்கரும் பெரியது, ஆங்கில ஏக்கரைப்போல் ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். இந்த அளவுகள் சட்டம் மாறிய பிறகும் பேச்சிலும் குத்தகைப் பத்திரத்திலும் நீடித்தன. ஏக்கருக்கு இவ்வளவு குத்தகை என்று ஒப்பிடுமுன் எந்த ஏக்கர் என்று கேளுங்கள். கிங்ஸ் கவுண்டி என்றால் இன்றைய ஆஃபலி, குயின்ஸ் கவுண்டி என்றால் லீஷ். இன்றைய டன் லேரி துறைமுகத்துக்கு, நான்காம் ஜார்ஜ் மன்னர் வந்துபோன 1821-இல் கிங்ஸ்டவுன் என்று பெயர் வைத்தார்கள். பெரிய அளவிலான நில அளவைப் பணி 1820-களின் நடுவில்தான் தொடங்கியது, முழு நாட்டின் வரைபடமும் முடிய 1846 ஆனது. அதற்கு முந்தைய கடிதங்களில் கிராமப் பெயரை ஒவ்வொருவரும் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு "இல்லை" என்று விட்டுவிடாதீர்கள்.

பிற்காலப் பெரும் பஞ்சத்தின் நிழலில் எல்லாவற்றையும் படிப்பதும் தொல்லைதான். 1822-இல் மேற்கிலும் தெற்கிலும் உருளைக்கிழங்கு பொய்த்தபோது மேயோ, கால்வே, கிளேர், கெர்ரியிலிருந்து கடிதங்கள் குவிந்தன. இது 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தின் ஒத்திகை என்று படித்தால் அந்த ஆண்டுக்கே உரியது தவறிப்போகும். சந்தையில் தானியம் இருக்கிறது, வாங்க மக்களிடம் காசு இல்லை என்பதுதான் அப்போது மீண்டும் மீண்டும் வந்த முறையீடு. அரசு சாலை வேலைகளைத் தொடங்கியது. மேற்கில் அலெக்சாண்டர் நிம்மோவும் தெற்கில் ரிச்சர்ட் கிரிஃபித்தும் பொறியாளர்கள். லண்டனில் அமைந்த நிவாரணக் குழு 3 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியது. சாலை கேட்டு வந்த கடிதத்தில் பசியும் இருக்கும், தன் சந்தைக்கு வழி வேண்டும் என்ற நிலக்கிழாரின் கணக்கும் இருக்கலாம். இரண்டும் ஒரே கடிதத்தில் இருப்பதால் ஒன்று பொய்யாகிவிடாது.

"அயர்லாந்து ஆவணமெல்லாம் 1922-இல் எரிந்துவிட்டதே" என்று தேடாமலே கைவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஆண்டு ஜூன் 30 அன்று டப்ளினில் நான்கு நீதிமன்றங்கள் (Four Courts) எனப்படும் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் அழிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கேடுகளில் மிகப் பெரும்பகுதி அதோடு போனது. இந்தக் கடிதங்கள் அடங்கிய தலைமைச் செயலர் அலுவலகத்தின் காகிதங்கள் அங்கே இல்லாமல் கோட்டைக்குள்ளேயே இருந்ததால் தப்பின. கணக்கேடு இல்லாத நிலையில் ஒரு கிராமத்தின் ஆட்களைப் பெயரோடு காட்ட இந்த மனுக்களே சில இடங்களில் மிஞ்சியிருக்கின்றன.

ஆனால் டப்ளின் கோப்பே முழுக் கதை என்றும் எண்ண வேண்டாம். கோட்டை லண்டனுக்கு எழுதியது பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில், உள்துறைக் காகிதங்களில் கிடக்கிறது. அதிகாரிகள் மனம்விட்டுப் பேசியது தனிக் கடிதங்களில். பீலின் தனிக் காகிதங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும், கோல்பர்னுடையவை சர்ரே கவுண்டியின் ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. அலுவல் கடிதத்தில் "பரிசீலிக்கப்படும்" என்று முடிந்த விஷயத்துக்குத் தனிக் கடிதத்தில் வேறு காரணம் எழுதப்பட்டிருக்கலாம்.

கடைசியாக, குறிப்பெடுக்கும் முறை. "1822-இல் கிளேரிலிருந்து ஒரு கடிதம்" என்று மட்டும் எழுதி வைத்தால் அடுத்தவரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆண்டு, பதிவு எண், எழுதியவர், எழுதிய ஊர், எழுதிய தேதி, கோட்டையில் பதிவான தேதி, இணைப்புகள், பின்புறக் குறிப்பு ஆகிய எட்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதிய தேதிக்கும் பதிவான தேதிக்கும் இடையில் வாரக்கணக்கில் இடைவெளி இருந்தால் அதையும் எழுதுங்கள். அந்த நாட்களில் காகிதம் யார் மேஜையில் இருந்தது என்பதுதான் அடுத்துத் தேட வேண்டியது.