சொந்தத் தளத்தில் ஒளிப்படம் விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தத் தளம் அமைத்து ஒளிப்படங்களை விற்கத் தொடங்கும் நண்பர்கள் தங்கள் கடையைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி கேட்கும்போது, நான் முதலில் ஒரு சிறு சோதனையைச் செய்துபார்ப்பது வழக்கம். ஏதாவது ஒரு படத்தின் முகவரியைத் தனித் தாவலில் திறந்தால், கோப்புப் பெயரின் கடைசியில் 1024, 683 என்பதைப்போல அகல உயர எண்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த எண்களை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் திறப்பேன். பல கடைகளில், ரூ.1,500 என்று விலை குறித்து வைத்திருக்கும் முழு அளவுப் படம் நீர்க்குறி (வாட்டர்மார்க்) எதுவும் இல்லாமல் திரையில் வந்து நின்றுவிடும். வடிவமைப்பு, வண்ணத் தேர்வு, கட்டணப் பக்கம் என எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள்கூட இந்த ஓர் இடத்தில் கோட்டை விடுகிறார்கள்.

பலரும் தளம் கட்டப் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் ஊடக நூலகத்தில் ஒரு படத்தை ஏற்றினால், அது பல சிறிய அளவுகளில் நகல்களை உருவாக்கிக்கொண்டு, மூலக் கோப்பையும் அதே அடைவில் எல்லோரும் எட்டக்கூடிய இடத்திலேயே வைத்துவிடுகிறது. 2019-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து, 2,560 பிக்சலைத் தாண்டிய படங்களுக்கு ‘ஸ்கேல்டு’ என்ற ஒட்டுடன் சுருக்கிய நகல் ஒன்றும் சேர்ந்துகொண்டது. தளத்தில் இருக்கும் பெரிய படம் அதுதான் என்று நம்பிப் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த ஒட்டை நீக்கினால் மூலக் கோப்பின் முகவரி கிடைத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. ஆகவே ஊடக நூலகத்துக்குள் விற்பனைக் கோப்பு ஒருபோதும் நுழையக் கூடாது. உங்கள் கணினியிலேயே சுருக்கி, நீர்க்குறியைப் படத்தோடு கலந்து சேமித்த முன்னோட்டப் படம் மட்டுமே அங்கே போக வேண்டும்.

விற்பனைக் கோப்பை, வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் செருகுநிரலான (கூடுதல் நிரல்) வூகாமர்ஸின் பதிவிறக்கப் பகுதியில் ஏற்றினால் அது தனி அடைவுக்குப் போகும். ஆனால் அந்த அடைவுக்குக் காவலாக இருப்பது ‘எச்டிஆக்சஸ்’ என்ற சிறு கோப்பு. தளத்தை வழங்கும் சர்வர் மென்பொருள்களில் அப்பாச்சி அதைப் படித்து நடக்கும், என்ஜின்எக்ஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வாடகை குறைவு, வேகம் அதிகம் என்று என்ஜின்எக்ஸ் சர்வருக்கு மாறியவர்கள், அடைவைப் பூட்டும் விதியைச் சர்வர் அமைப்பில் தாங்களே எழுதாவிட்டால், பூட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் அறையின் கதவு திறந்தே கிடக்கும். பதிவிறக்க முறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். ‘திசைதிருப்புதல் மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் கோப்பின் உண்மையான முகவரி வாங்கியவரின் கைக்குப் போய்விடும், அவர் அதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். சில நிமிடங்களில் காலாவதியாகும் கையொப்ப இணைப்பைத் தரும் மேகச் சேமிப்பில் மூலக் கோப்புகளை வைப்பதே என் அனுபவத்தில் மன நிம்மதி தந்த வழி.

நீர்க்குறியை எடுத்துக்கொண்டால், மூலையில் சிறியதாகப் பெயர் போடுவது வெட்டி எடுக்கத்தான் உதவும். எல்லாப் படங்களிலும் ஒரே குறியை ஒரே இடத்தில் போடுவதும் பாதுகாப்பன்று. ஒரே குறி பதிந்த பல படங்களை ஒப்பிட்டு அந்தக் குறியைக் கணினியே கண்டுபிடித்து நீக்கிவிட முடியும் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2017-இலேயே காட்டினார்கள். குறியின் வடிவத்தைப் படத்துக்குப் படம் சற்றே நெளித்து மாற்றினால் அந்த வேலை கடினமாகிறது என்பதையும் அதே ஆய்வு சொன்னது. இதற்காக வலது பொத்தானை முடக்கிவைப்பவர்கள் இருக்கிறார்கள். திருடுபவரை அது தடுக்காது, வாங்க வருபவரைத்தான் விரட்டும். ஒரு வடிவமைப்பாளர் தன் பக்கத்தில் படத்தை வைத்துப் பார்த்து, முதலாளியிடம் காட்டி, ஒப்புதல் வாங்கிய பிறகே பணம் கட்டுவார். நீண்ட பக்கம் 1,000 முதல் 1,200 பிக்சல் உள்ள நீர்க்குறிப் படத்தை அவர் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்.

முன்னோட்டத்தில் வேறொரு கசிவும் உண்டு. தளத்தின் பின்னணியில் ஜிடி என்ற நிரல்தொகுதி படங்களைச் சுருக்குமானால், கோப்புக்குள் நீங்கள் எழுதிவைத்த பெயர், உரிமைக் குறிப்பு, வண்ண விவரம் ஆகிய அனைத்தும் உதிர்ந்துபோகும். அதன் பிறகு அந்தப் படம் அனாதையாக இணையத்தில் சுற்றும். படக் கோப்புக்குள் எழுதிவைக்கும் ஐபிடிசி தகவலில் உரிமப் பக்கத்தின் முகவரி இருந்தால், கூகுள் படத்தேடலில் ‘உரிமம் பெறத்தக்கது’ என்ற குறி தோன்றும் வசதி 2020 முதல் இருக்கிறது. தகவல் உதிர்ந்த படத்துக்கு அது கிடைப்பது கடினம். அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த வண்ண வெளியில் திருத்திய படமாக இருந்தால் வண்ண விவரம் போனவுடன் நாற்றங்காலின் பச்சை வெளுத்துத் தெரியும். வாங்க வந்தவர் ஒளிப்படக்காரரின் கண்ணில்தான் குறை என்று நினைப்பார். முன்னோட்டங்களை இணையத்துக்கு ஏற்ற எஸ்ஆர்ஜிபி வண்ண வெளிக்கு மாற்றியே ஏற்றுங்கள். வீட்டில் எடுத்த படமென்றால் ஜிபிஎஸ் குறிப்பை நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

விற்கும் உரிமை நம்மிடம் இருக்கிறதா?

கேமரா என்னுடையது, விரல் என்னுடையது, ஆகவே படமும் என்னுடையது என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, வேறொருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், எடுக்கச் சொன்னவரே என்கிறது. கூலி வாங்கிக்கொண்டு எடுத்த கல்யாணப் படங்களில் மணப்பெண்ணின் மருதாணிக் கையை மட்டும் வெட்டி எடுத்துக் கடையில் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். முகம் தெரியவில்லை என்பதால் உரிமை கைமாறிவிடாது. நிறுவனத்தில் சம்பளத்துக்கு எடுத்த படங்களுக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான். முன்கூட்டியே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்வதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது.

உரிமை நம்முடையதாகவே இருந்தாலும், படத்தில் இருக்கும் மனிதரின் சம்மதம் தனி. மானாமதுரையில் சக்கரத்தில் பானை வனைந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரை நான் எடுத்த படம் கடையில் நன்றாகப் பேர் வாங்கியது. மண் படிந்த விரல்களும், பின்னாலிருந்து விழும் காலை வெயிலும், வேலையிலிருந்து நிமிர்ந்து பார்த்த அந்த ஒரு கணமும் அதில் இருந்தன. கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்று விளம்பரத்துக்காக அதைக் கேட்டபோதுதான் சம்மதப் படிவம் வாங்கவில்லை என்பது உறைத்தது. மறுபடி ஊருக்குப் போய் விவரம் சொன்னேன். அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டு, “என் மூஞ்சியக் காட்டிக் கடன் விப்பாங்களாக்கும்? வேணாம் தம்பி, நாளைக்கு வாங்குனவன் என்னையத்தான் வைவான்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்றிரவே அந்தப் படத்தைச் செய்தி, கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற பிரிவுக்கு மாற்றினேன். இப்போது படிவமும் பேனாவும் கேமராப் பையிலேயே இருக்கின்றன. கையெழுத்து வாங்கும்போது எதற்கெல்லாம் படம் போகக்கூடும் என்பதை வாயால் விளக்கிச் சொல்லாமல் வாங்குவதில்லை. சம்மதம் இல்லாத முகங்கள் நிறைந்த சல்லிக்கட்டுக் கூட்டத்தின் படத்தை விளம்பர உரிமத்தோடு விற்பதும் இதே வகைத் தவறுதான்.

பொருள்களுக்கும் உரிமையாளர்கள் உண்டு. கட்டடங்களையும், பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிலைகளையும் படம் எடுப்பதற்கு அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு விலக்குத் தருகிறது. சுவரில் தீட்டிய ஓவியம் அந்த விலக்கில் வராது. சென்னை கண்ணகி நகரின் சுவரோவியங்களை முழுச் சட்டகமாக எடுத்து விற்பது ஓவியரின் படைப்பை விற்பதற்குச் சமம். கட்டடமே வணிகக் குறியாகப் பதிவாகியிருக்கவும் கூடும். மும்பையின் தாஜ்மகால் பேலஸ் ஓட்டலின் தோற்றம் 2017-இல் அப்படிப் பதிவானது.

உரிமத்தில் எழுதாமல் விடுவது

வாங்குபவர் உண்மையில் பணம் கொடுத்து எடுத்துச் செல்வது படத்தைப் பயன்படுத்தும் அனுமதியை. அந்த அனுமதியை ‘வணிகப் பயன்பாட்டுக்கு ஏற்றது’ என்ற ஒற்றை வரியில் முடித்துவிடும் கடைகளே அதிகம். உரிமத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளும் விதி, பதிப்புரிமைச் சட்டத்தின் 19, 30-அ பிரிவுகளின்படி உரிமங்களுக்கும் பொருந்துகிறது. உலகம் முழுவதும் என்றென்றும் பயன்படுத்தலாம் என்று நினைத்து வாங்கியவருக்கும் விற்ற உங்களுக்கும் அது நல்லதன்று. காலம், எல்லை, ஊடகம், அச்சிடும் படிகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் வெளிப்படையாக எழுதுங்கள்.

படிகளின் எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்பது சிவகாசியோடு வியாபாரம் செய்தால் தெரியும். அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்கள் ஆடிப்பெருக்கு நாளில் வெளியாகும் ஊர் அது. ஆகவே படத் தேர்வெல்லாம் அதற்கு முன்பே நடந்துவிடும். ஒரு முருகன் கோயில் கோபுரப் படம் மாதிரி ஆல்பத்தில் இடம்பிடித்துவிட்டால், அதன் கீழே எத்தனை கடைகளின் பெயர் அச்சாகும், எத்தனை ஆயிரம் படிகள் ஓடும் என்பது விற்கும் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பெரிய தளங்கள்கூடச் சாதாரண உரிமத்தில் வரம்பு வைத்திருக்கின்றன. ஷட்டர்ஸ்டாக்கின் சாதாரண உரிமத்தில் அச்சுக்கு 5 லட்சம் படிகள் என்பது வரம்பு. நான் அதைவிட மிகக் குறைவாக வைத்து, மேலே போனால் விரிவான உரிமம் என்று பிரித்திருக்கிறேன்.

வடிவமைப்பாளர் வாங்கினால் உரிமம் அவருக்கா, அவருடைய வாடிக்கையாளருக்கா என்ற கேள்விக்குக் கட்டணப் பக்கத்திலேயே ஒரு கட்டம் வைத்துப் பதில் வாங்கிவிட வேண்டும். ஒவ்வோர் ஆர்டருக்கும் உரிமம் பெற்றவர் பெயர், தேதி, உரிமப் பதிப்பு எண் ஆகியவற்றோடு ஒரு பிடிஎஃப் போக வேண்டும். உரிமப் பக்கத்தைத் திருத்தும்போது பழையதை அழித்துவிடுவது பெருந்தவறு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கியவருக்கு அன்றைய வாசகம்தான் செல்லும். தனியுரிமையாக ஒரு படத்தை விற்பதென்றால், அது வேறு தளங்களில் இதுவரை ஒருமுறைகூட விற்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு பேசுங்கள்.

பணம் வந்தும் படம் போகாத நிலை

யுபிஐயில் பணம் கட்டுபவர் ‘வெற்றி’ என்ற செய்தியைப் பார்த்தவுடன் செயலியை மூடிவிடுவார். உங்கள் தளத்துக்குத் திரும்பி வரமாட்டார். அவர் திரும்பி வந்தால்தான் ஆர்டர் முடியும் என்று அமைத்திருந்தால், பணம் உங்கள் கணக்கில் இருக்கும், ஆர்டர் ‘நிலுவையில்’ என்றே நிற்கும், படம் போயிருக்காது. கட்டண நிறுவனத்தின் சர்வர் உங்கள் சர்வரிடம் நேரடியாகச் செய்தி சொல்லும் வெப்ஹுக்கை அமைத்து, பாதுகாப்புச் செருகுநிரல் அந்தச் செய்தியை வாசலிலேயே தடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வூகாமர்ஸில் படத்தை ‘மெய்நிகர்’, ‘பதிவிறக்கத்தக்கது’ என்ற இரண்டு தேர்வுகளிலும் குறிக்க மறந்தால், பணம் வந்த பிறகும் ஆர்டர் ‘செயலாக்கத்தில்’ என்று தங்கிவிடக்கூடும். கூடை, கட்டணம், ‘என் கணக்கு’ ஆகிய பக்கங்களை கேச் செய்துவைப்பது (வேகத்துக்காக ஒரு நகலைச் சேமித்து எல்லோருக்கும் அதையே காட்டுவது) இன்னும் ஆபத்து. ஒருவருடைய விவரத்தை இன்னொருவர் பார்க்க நேரும்.

பதிவிறக்க இணைப்பு சுமந்து போகும் மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டியில் விழுவது அடுத்த குறை. சர்வரிலிருந்து நேரடியாக அனுப்பாமல், அனுப்புநர் உண்மையானவர் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளைச் சரியாக அமைத்த அஞ்சல் சேவை வழியாக அனுப்புங்கள். பேபால் 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள்ளான பரிமாற்றத்தை நிறுத்திவிட்டதால், உள்ளூர் வாடிக்கையாளருக்கும் வெளிநாட்டவருக்கும் வெவ்வேறு கட்டண வழி தேவைப்படும். ரூ.50, ரூ.100 விலையில் படம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருடிய வெளிநாட்டு அட்டைகள் வேலை செய்கின்றனவா என்று சோதித்துப் பார்க்க மோசடிக்காரர்கள் தேடுவது இப்படிப்பட்ட சிறு விலை எண்ணிமப் பொருள்களைத்தான். நள்ளிரவில் தோல்வியடைந்த கட்டணங்கள் வரிசையாக வந்தால் அது வியாபாரமன்று. கட்டணப் பக்கத்தில், வருபவர் மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்சாவும் முயற்சி வரம்பும் வையுங்கள்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: சேவைக்கு ஆண்டு விற்றுமுதல் ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர்களுக்கு விற்கும் எண்ணிமப் பொருளுக்கு வாங்குபவரின் நாட்டு வாட் வரி பொருந்துகிறது. வெளிநாட்டு விற்பனை தொடங்கும் முன்பே ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கடைசியாகச் சர்வர். 24 மெகாபிக்சல் படத்தை 16 பிட் டிஃப் கோப்பாக, சுருக்காமல் வைத்தால் ஒன்றுக்கே ஏறத்தாழ 144 எம்பி ஆகும். ஆயிரம் படங்கள் சேர்ந்தால் பகிர்வு ஹோஸ்டிங் திட்டம் மூச்சுத் திணறும். அதைத் தளத்தை இயக்கும் பிஎச்பி நிரல் வழியாகப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் இறக்கினால் தளமே நின்றுவிடும். காப்பு நகலை அதே சர்வரில் வைத்திருப்பவருக்குச் சர்வர் போகும் நாளில் நகலும் போய்விடும். செருகுநிரல்களை நேரடிக் கடையில் புதுப்பிக்காமல், சோதனை நகலில் பார்த்த பிறகே மாற்றுங்கள். மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் வேறு யாருடைய போனிலிருந்தாவது, உண்மைப் பணம் கட்டி, உங்கள் கடையில் ஒரு படம் வாங்கிப் பாருங்கள். என் கடையில் அந்த வேலையை அம்மா செய்கிறார். இணைப்பு எங்கே வந்தது என்று அவர் தேட நேர்ந்த மாதத்தில், மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் சரிசெய்தேன்.