777 கொடுப்பதற்கு முன்: தரவுத்தளச் செயலிகளில் கோப்பு அனுமதியால் வரும் தவறுகள்

பெங்களூரு அல்சூரில் துணி மொத்த வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பில்லிங் செயலி, தீபாவளி நெருங்கும் நேரத்தில் ஒரு திங்கட்கிழமை காலை பாதியில் நின்றது. சரக்குப் பட்டியல் திரையில் வந்தது. ஆனால் புதிய பில் எதையும் சேமிக்க முடியவில்லை. கடைக்காரரின் மகன் இணையத்தில் தேடிப் படித்து, லினக்ஸ் சர்வரில் செயலி இருந்த கோப்புறை முழுவதற்கும் 777 அனுமதி, அதாவது எவரும் படிக்கவும் எழுதவும் இயக்கவும் அனுமதி, கொடுத்தார். உடனே எல்லாம் ஓடியது. அடுத்த திங்கட்கிழமை காலை அதே இடத்தில் அதே பிழை வந்தது. “777 கொடுத்த பிறகும் எப்படி அண்ணா நிற்கும்?” என்று அவர் என்னிடம் கேட்டார். இந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரிந்தால், அனுமதி தொடர்பான பெரும்பாலான தவறுகளை ஒருவர் தாமே தவிர்த்துவிடலாம்.

அனுமதி எண்ணின் மூன்று இலக்கங்கள் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்கள் ஆகியோருக்கு உரியவை. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டினால் ஒவ்வொரு இலக்கமும் கிடைக்கும். அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளை அந்த நொடியில் இருக்கும் கோப்புகளை மட்டுமே மாற்றும். நாளை உருவாகும் கோப்பு, அதை உருவாக்கும் பயனரின் பெயரிலும், அவருடைய யூமாஸ்க் (புதிய கோப்புகளிலிருந்து எந்த அனுமதிகளைக் கழிப்பது என்ற அமைப்பு) விட்டுவைக்கும் அனுமதியிலும்தான் பிறக்கும். அந்தக் கடையின் சர்வரில் ஒவ்வொரு ஞாயிறு இரவும் குறித்த நேரத்தில் தானே ஓடும் ஒரு கிரான் வேலை, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக ஓடி, ஒரே கோப்பில் இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தைச் சுருக்கிப் புதிய கோப்பாக எழுதி, பழைய கோப்பின் இடத்தில் வைத்துவந்தது. புதிய கோப்பு ரூட்டின் பெயரில் 644 அனுமதியோடு இருந்ததால், செயலியின் பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் வெப் சர்வரால் அதைப் படிக்க முடிந்தது, எழுத முடியவில்லை. ஆகவே 777 நோயைத் தொடவே இல்லை. ஒரு வாரத்துக்கு அதை மறைத்து வைத்தது, அவ்வளவுதான்.

மறைத்ததோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. செயலியின் நிரல் கோப்புகளை வெப் சர்வரே திருத்தலாம் என்ற நிலை வந்துவிட்டால், படம் ஏற்றும் பக்கத்தில் உள்ள ஒரு சிறு ஓட்டை வழியாக நுழைபவர், நிரலையே மாற்றி எழுதிவிடலாம். தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் அமைப்புக் கோப்பை அந்தச் சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் படிக்கலாம். இத்தனைக்கும், 777-இல் உள்ள இயக்கும் அனுமதி பிஎச்பி மொழியில் எழுதிய நிரல் கோப்புக்குத் தேவையே இல்லை, ஏனெனில் பிஎச்பி அந்தக் கோப்பைப் படித்துத்தான் இயக்குகிறது. சில மென்பொருள்கள் இப்படித் திறந்துவிடப்பட்ட கோப்புகளை ஏற்பதும் இல்லை: எல்லோரும் எழுதக்கூடிய அமைப்புக் கோப்பை மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் புறக்கணித்துவிடும், தரவுக் கோப்புறையின் அனுமதி 700 அல்லது 750-ஐத் தாண்டியிருந்தால் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருள் தொடங்கவே மறுக்கும். வெப் சர்வருக்காக அனுமதியைத் திறக்கப்போய், தரவுத்தளத்தையே நிறுத்திவிட்டவர்கள் உண்டு.

பிழைச் செய்தியைச் சொல்வது யார் என்று பாராமல் கை வைப்பது இரண்டாவது பெருந்தவறு. மைஎஸ்க்யூஎல் தரும் 1045 என்ற பிழை, அதாவது ‘ஆக்சஸ் டினைட்’, தரவுத்தளத்தின் உள்ளிருந்து வருவது. பயனர் பெயரோ, கடவுச்சொல்லோ, அந்தப் பயனர் எந்தக் கணினியிலிருந்து வரலாம் என்ற விதியோ பொருந்தவில்லை என்பது அதன் பொருள். எந்தக் கோப்பின் அனுமதியை மாற்றினாலும் அது தீராது. ‘பர்மிஷன் டினைட்’, பிழை எண் 13, இயங்குதளம் சொல்வது. இதற்குத்தான் கோப்பு அனுமதியைப் பார்க்க வேண்டும். எஸ்க்யூலைட்டோ, தரவுத்தளம் படிக்க மட்டுமே உரியது என்று மூன்றாவது விதமாகச் சொல்லும். மூன்றையும் ஒன்றாக நினைத்தவர் ஒரு முழு நாளை வீணாக்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து, கோப்பைத் தொடும் பயனர் யார் என்பதை ஊகிக்கக் கூடாது. உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகளில் வெப் சர்வர் வழக்கமாக ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்ற பயனராகவும், ரெட் ஹேட் வழியினவற்றில் ‘அப்பாச்சி’ என்ற பயனராகவும் ஓடும். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் நின்றாலும், பிஎச்பி செயலிக்குக் கணக்கில் வருவது நிரலை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் எந்தப் பயனராக ஓடுகிறது என்பதே. பயனரைத் தெரிந்துகொண்டபின், சூடோ கட்டளை மூலம் அவராகவே மாறி அந்தக் கோப்பைப் படிக்கவும் எழுதவும் முயன்று பாருங்கள். ரூட்டாக நின்று சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

கோப்பின் அனுமதி சரியாக இருந்தும் எட்டவில்லையென்றால், வழியில் உள்ள கோப்புறைகளைப் பார்க்க வேண்டும். கோப்புறைக்கு இயக்கும் அனுமதி என்றால் அதற்குள் கடந்துசெல்லும் அனுமதி. மேலே ஒரு கோப்புறையில் அது இல்லாவிட்டாலும் பாதை அடைபட்டுவிடும். உபுண்டு 21.04 முதல் புதிய பயனர்களின் ஹோம் கோப்புறைகள், அதாவது அவரவர் சொந்தக் கோப்புறைகள், 750 அனுமதியோடு உருவாவதால், செயலியைத் தம் ஹோமுக்குள் வைத்தவர்கள் புதிய சர்வருக்கு மாறியதும் திகைத்துப்போவது இதனால்தான். ‘நேம்ஐ -எல்’ கட்டளை பாதையின் ஒவ்வொரு படியையும் உரிமையாளரோடு வரிசையாகக் காட்டும். எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக 644 கொடுப்பதும் இதே பள்ளத்தில்தான் தள்ளும். கோப்புகளுக்கு 644, கோப்புறைகளுக்கு 755 என்று பிரித்தே கொடுக்க வேண்டும்.

எஸ்க்யூலைட் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். எழுதும்போது அது தரவுத்தளக் கோப்பின் பக்கத்திலேயே, மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னல் அல்லது ‘டபிள்யூஏஎல்’ கோப்பை உருவாக்கும் என்பதால், கோப்புக்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுத்துவிட்டுக் கோப்புறையை விட்டுவிட்டால் பயனில்லை. கோப்புறைக்கும் அனுமதி வேண்டும் என்பதாலேயே அந்தக் கோப்புறை தனியாகவும், வெப் சர்வர் வெளியே காட்டும் பகுதிக்கு அப்பாலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முகவரியைச் சரியாக ஊகிப்பவர் தரவுத்தளம் முழுவதையும் பதிவிறக்கிவிடலாம்.

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகியவற்றின் தரவுக் கோப்புறைகளை வெப் பயனருக்கு மாற்றிக் கொடுக்கவே கூடாது. செயலி அவற்றோடு பேசுவது இணைப்பு வழியாக. கோப்பு வழியாக அல்ல.

ரெட் ஹேட் வழியினவற்றில், அனுமதியும் உரிமையாளரும் சரியாக இருந்தும் மறுப்பு வந்தால், அனுமதிக்கு மேல் இன்னொரு காவலாக நிற்கும் எஸ்இலினக்ஸைப் பாருங்கள். அதை அணைத்துவிடுவது சோம்பல் வழி. ஹோமிலிருந்து நகர்த்தப்பட்ட கோப்பு எஸ்இலினக்ஸ் இட்ட தன் பழைய முத்திரையோடு வந்திருக்கும். ‘ரெஸ்டோர்கான்’ கட்டளை அந்த இடத்துக்குரிய முத்திரையை மீண்டும் இடும். வேறு கணினியில் உள்ள தரவுத்தளத்தோடு இணைய முடியாவிட்டால், வெப் சர்வர் தரவுத்தளங்களோடு இணைய அனுமதிக்கும் தனி விசையை இயக்கினால் போதும்.

அல்சூர் கடையில், நிரல் கோப்புகளை வெப் பயனர் எழுத முடியாதபடி வேறு பயனரின் பெயருக்கு மாற்றி, கோப்புகளுக்கு 644-ம் கோப்புறைகளுக்கு 755-ம் கொடுத்தோம். அமைப்புக் கோப்புக்கு வெப் பயனரின் குழுவை இட்டு 640 வைத்தோம். தரவுத்தளத்தை வெளியே தனிக் கோப்புறைக்கு மாற்றி, அதை வெப் பயனருக்கு 700 அனுமதியில் கொடுத்தோம். ஞாயிறு இரவு வேலையை ரூட்டின் கிரானிலிருந்து எடுத்து, அதே வெப் பயனரின் கிரானில் சேர்த்தோம். அடுத்த திங்கட்கிழமை காலை கடைக்காரரின் மகன், கடையைத் திறந்ததும் கோப்பின் உரிமையாளர் யார் என்று முதலில் பார்த்துவிட்டு, அதன்பிறகே முதல் பில்லைப் போட்டார்.