நெருக்கமான மரங்களுக்கு நடுவே நேராக வீச: டிஸ்க் கோல்ஃப் டிரைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை

டிஸ்க் கோல்ஃப் என்பது தட்டு வடிவ டிஸ்க்கை வீசி வீசிக் கூடையில் சேர்க்கும் ஆட்டம்; அதில் நெடுந்தூர வீச்சுக்கான டிஸ்க்கே டிரைவர். இருபுறமும் மரங்கள் நெருங்கி நிற்கும் ஒரு ஃபேர்வேயில், அதாவது வீசும் இடத்திலிருந்து கூடைவரை செல்லும் பாதையில், டிஸ்க் எவ்வளவு தூரம் போகும் என்பதைவிட எவ்வளவு அகலத்துக்குள் அடங்கிப் போகும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. கையிலிருந்து விடும் திசை ஒரு பாகை தவறினால், 60 மீட்டர் தொலைவில் டிஸ்க் ஏறத்தாழ ஒரு மீட்டர் விலகியிருக்கும். 30 மீட்டருக்கு அப்பால் மூன்று மீட்டர் இடைவெளி விட்டு நிற்கும் இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே வீச வேண்டுமானால், நடுக்கோட்டிலிருந்து இருபக்கமும் மூன்று பாகைக்குக் குறைவான பிழையைத்தான் அந்த இடைவெளி பொறுத்துக்கொள்ளும். அதில் பெரும்பங்கை நம் கையின் பிழையே எடுத்துக்கொள்வதால், டிஸ்க் தன் இயல்பாக வளைவதற்கு மிஞ்சும் இடம் மிகக் குறைவு. காட்டு ஆட்டத்துக்கு டிரைவர் வாங்குகிறவர் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

பெரும்பாலான டிஸ்க்குகளின் மேல் நான்கு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் ஸ்பீடு: அந்த டிஸ்க் தன் இயல்பின்படி பறக்க எவ்வளவு வேகமாக வீசப்பட வேண்டும் என்பதை அது சொல்கிறது. இரண்டாவதான கிளைடு, காற்றில் மிதந்து நிற்கும் திறன். மூன்றாவதான டர்ன், வேகம் மிகுந்திருக்கும் முதற்பகுதியில் டிஸ்க் சாயும் அளவு. வலக்கையால் பேக்ஹேண்ட் (கையை உடலின் குறுக்கே கொண்டுவந்து வெளிப்புறம் விசிறும் வீச்சு) வீசுகிறவருக்கு, இந்த எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்க இறங்க டிஸ்க் வலப்புறம் அதிகமாகச் சாயும். நான்காவதான ஃபேட், வேகம் குறைந்த பிறகு இறுதியில் அது இடப்புறம் விழும் அளவு. இடக்கை ஆட்டக்காரர்கள் இடவலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

இந்த எண்களைப் பார்த்ததும், டர்னும் ஃபேட்டும் பூஜ்ஜியத்தை ஒட்டியிருக்கும் டிஸ்க்கே நேராகப் போகும் என்று முடிவுகட்டத் தோன்றும். அது பாதி உண்மைதான். அந்த எண்கள் டிஸ்க் எதிர்பார்க்கும் வேகத்தில் வீசப்படும்போது மட்டுமே பொருந்தும். வேகம் போதாவிட்டால் டர்ன் நிகழ்வதே இல்லை, ஃபேட் முன்கூட்டியே வந்துவிடும். இன்னோவா நிறுவனத்தின் டெஸ்ட்ராயர் என்ற டிரைவர் 12/5/-1/3 என்ற எண்களைக் கொண்டது. வலுவான கையில் அது நெடுந்தூரம் நேராகச் சென்று இறுதியில் இடப்புறம் சரியும். 80 மீட்டர் வீசுகிற ஒருவர் அதே டிஸ்க்கை எடுத்தால், அது புறப்பட்ட சிறிது நேரத்திலேயே இடப்புறம் திரும்பத் தொடங்கி, திறந்த வெளியில் ஓர் அழகான வளைவாகவும் காட்டில் ஒரு மரத்தின் மேல் மோதும் சத்தமாகவும் முடியும். ஆகவே நேர்கோடு என்பது டிஸ்க்குக்கும் உங்கள் கைக்கும் இடையே அமையும் பொருத்தம்.

இதனால்தான், குறுகிய வழிகளுக்கு ஸ்பீடு 6 முதல் 8 வரையுள்ள ஃபேர்வே டிரைவரை, அதாவது மிதவேக டிரைவரை, தாண்ட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். வேகப் பொருத்தம் ஒரு காரணம். விளிம்பு இன்னொரு காரணம், அதைப் பலர் கவனிப்பதில்லை. டெஸ்ட்ராயரின் விளிம்பு அகலம் 2.2 சென்டிமீட்டர்; அதே நிறுவனத்தின் ஃபேர்வே டிரைவரான டீபேர்டின் விளிம்பு 1.7 சென்டிமீட்டர். ஐந்து மில்லிமீட்டர் அற்ப வித்தியாசமாகத் தோன்றலாம். ஆனால் இரண்டையும் மாறிமாறிப் பிடித்துப் பாருங்கள்: அகலமான விளிம்பில் விரல்நுனிகள் உட்சுவரை எட்டிப் பிடிக்கச் சிரமப்படும், கட்டைவிரல் அழுத்தம் கூடும், விடும் நொடியில் டிஸ்க் விரல்களில் சற்றுத் தங்கிவிடும். அந்தத் தங்கல்தான் டிஸ்க்கை வலப்புறத்து முதல் மரத்துக்கு அனுப்புகிறது. மெல்லிய விளிம்பு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் கையை விட்டு விலகும். கென்டக்கி மாநிலம் பர்லிங்டனில் உள்ள ஐடில்வைல்டு போன்ற மரமடர்ந்த திடல்களில், 120 மீட்டரைத் தாண்டி வீசக்கூடிய தொழில்முறை ஆட்டக்காரர்களும் பல ஹோல்களில் ஃபேர்வே டிரைவரையோ அதைவிட மெதுவான மிட்ரேஞ்ச் டிஸ்க்கையோ எடுப்பதற்குக் காரணம் இதுவே.

ஃபேர்வே டிரைவர்களுக்குள் எதை எடுப்பது என்பது உங்கள் கைவேகத்தைப் பொறுத்தது. உங்கள் வழக்கமான வீச்சு 90 மீட்டருக்குள் இருந்தால் இன்னோவாவின் லெப்பர்டு, 6/5/-2/1, நல்ல தொடக்கம். அதன் டர்ன் எண் பயமுறுத்தினாலும், மிதமான வேகத்தில் அந்தச் சாய்வு ஃபேட்டை ஈடுசெய்து நேர்கோட்டைத் தரும். ஆக்சியம் நிறுவனத்தின் கிரேவ், 6.5/5/-1/1, இன்னும் சற்று நிதானமானது. லாட்டிட்யூடு 64 நிறுவனத்தின் ரிவர், 7/7/-1/1, மெல்ல வீசினாலும் நெடுநேரம் மிதக்கும்; ஆனால் வீசும்போது டிஸ்க்கின் முன்விளிம்பு சற்று மேல்நோக்கினால் உயர்ந்துபோய்க் கிளைகளில் மாட்டும், ஆகவே தாழ்ந்த கிளைகள் உள்ள பாதைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 100 மீட்டரைக் கடந்து வீசுகிறவர்களுக்கு லெப்பர்டு வலப்புறம் சாய்ந்து மீளாமல் போகக்கூடும். அவர்களுக்கு டீபேர்டு, 7/5/0/2, அல்லது ஃபேட் ஒரு படி குறைந்த டிஎல், 7/5/0/1, சரியாக அமையும். ஃபயர்பேர்டு, 9/3/0/4, நம்பகமான டிஸ்க்தான் என்றாலும் அதன் வேலை வளைவது. நேர்வழிக்கு அதை எடுப்பது வீண்.

ஒரே மாடலிலும் எல்லா டிஸ்க்குகளும் ஒன்றுபோல் வருவதில்லை. கடையில் இரண்டு டீபேர்டுகளைச் சமதளமான மேசைமேல் அருகருகே வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒன்றின் மேற்புறம் சற்றுக் குவிந்திருக்கும், மற்றொன்று தட்டையாக இருக்கும்; குவிந்தது பொதுவாக அதிகம் மிதக்கும். அதைவிட முக்கியமானது, விளிம்பின் வெளிமுனை மேசையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. முனை உயர்ந்திருக்கும் டிஸ்க் இடப்புறம் விழும் இயல்பை அதிகமாகக் காட்டும்; தாழ்ந்திருப்பது நேராகவோ வலப்புறம் சாய்ந்தோ போகும். நேர்வீச்சுக்குத் தாழ்ந்த முனை கொண்டதை எடுங்கள்.

பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை, இன்னோவாவின் டிஎக்ஸ் போன்ற மலிவான வகைகள் கையில் நன்றாகப் பிடிபடும். ஆனால் மரத்தில் மோத மோத விரைவில் தேய்ந்து, மெல்ல மெல்ல வலப்புறம் சாயத் தொடங்கும். சாம்பியன், ஸ்டார் போன்ற உயர்தர வகைகள் உழைக்கும். புதிதாக இருக்கும்போது அதே மாடலின் டிஎக்ஸைவிடச் சற்று அதிகமாகவே இடப்புறம் விழும். விளிம்பை விரல்நுனியால் தடவிப் பார்த்தால் டிஸ்க்கின் வயது தெரியும்: சிறு வெட்டுகளும் சொரசொரப்பும் கூடக் கூட ஃபேட் குறைந்திருக்கும். காட்டில் ஆடுகிறவருக்கு இது நட்டமில்லை. ஓராண்டு மரங்களில் மோதிப் பதப்பட்ட டீபேர்டு, கடையில் கிடைக்கும் எந்தப் புது டிஸ்க்கையும்விட நேராகப் பறப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

எடையைத் தேர்ந்தெடுப்பதில் நெடிய யோசனை வேண்டாம். விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் வரை அனுமதி உண்டு என்பதால், சுமார் 21 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரைவர்களின் உச்ச எடை 175 கிராமை ஒட்டி இருக்கும். கை வலுவுள்ளவர்கள் 170க்கு மேல் எடுக்கலாம். மற்றவர்களுக்கு 160 முதல் 168 வரை போதும், ஏனெனில் எடை குறைந்த டிஸ்க் தேவையான வேகத்தை எளிதில் எட்டும். எதிர்காற்றில் டிஸ்க்கின் வலச்சாய்வு கூடும் என்றாலும், அடர்ந்த மரங்கள் காற்றைத் தடுப்பதால், எளிதில் வலப்புறம் சாய்வதால் திறந்த வெளியில் நம்ப முடியாத டிஸ்க்கும் காட்டுக்குள் அடங்கி நடக்கும்.

வாங்கிய பிறகு சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு மைதானமும் இரண்டு பைகளும் போதும். காற்றில்லாத நேரத்தில், 20 மீட்டர் தொலைவில் மூன்று மீட்டர் இடைவெளியில் பைகளை வைத்துவிட்டு, முழுப் பலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கோடு பத்து முறை வீசுங்கள். எத்தனை டிஸ்க் நடுவே போனது என்பதை எண்ணுவதோடு நிற்காமல், ஒவ்வொரு வீச்சின் கடைசி மூன்றில் ஒரு பங்கைக் கவனியுங்கள். தொடக்கத்திலேயே பக்கவாட்டில் போனால் பிழை கையுடையது, டிஸ்க்கை மாற்றிப் பயனில்லை. நேராகச் சென்று இறுதியில் மட்டும் இடப்புறம் விழுந்தால், ஒரு படி குறைந்த ஃபேட்டையோ குறைந்த ஸ்பீடையோ தேடுங்கள். பாதி வழியில் வலப்புறம் சாய்ந்து மீளவில்லையென்றால், புறப்படும்போது டிஸ்க் தள்ளாடுகிறதா என்று முதலில் பாருங்கள். தள்ளாட்டம் இல்லையென்றால், வெளிவிளிம்பைச் சற்றே கீழே சாய்த்து, அதாவது இலேசான ஹைசரில், விட்டுப் பாருங்கள். லெப்பர்டு போன்ற டிஸ்க் அந்தச் சாய்விலிருந்து தானே நிமிர்ந்து, அதன்பின் நெடுந்தூரம் மட்டமாகப் போகும். காட்டில் கிடைக்கக்கூடிய மிக நேரான பாதை பெரும்பாலும் இப்படி நிமிரும் வீச்சுதான்.

பத்து வீச்சில் குறைந்தது ஏழு பைகளுக்கு நடுவே போய், இறங்கும் இடங்களும் ஒன்றுக்கொன்று சில மீட்டருக்குள் அமைந்துவிட்டால், அந்த மாடலில் அதே பிளாஸ்டிக்கில் இன்னொன்றையும் வாங்கி வையுங்கள். முதலாவது தேய்ந்து ஃபேட் குறையும்போது இரண்டாவது அதன் பழைய வேலையை ஏற்கும்; தேய்ந்தது மிகக் குறுகிய வழிகளுக்கென்று பையிலேயே இருக்கட்டும்.