வெப்ஸ்பியர் கனெக்‌ஷன் பூலை ஸ்கிரிப்ட் மூலம் மாற்றுவது எப்படி

ஐபிஎம்மின் அப்ளிகேஷன் சர்வரான வெப்ஸ்பியரில், ஒரு டேட்டாபேஸோடு எப்படி இணைவது என்ற அமைப்புதான் டேட்டா சோர்ஸ்; திறந்து வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் இணைப்புகளின் தொகுப்பு அதன் பூல். வெப்ஸ்பியர் கன்சோலில் ஒரு டேட்டா சோர்ஸின் கனெக்‌ஷன் பூலை மாற்றப் பல திரைகளைத் தாண்ட வேண்டும். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. நான் பார்த்துக்கொள்ளும் சூழலில் பதினெட்டு டேட்டா சோர்ஸ்கள் இருக்கின்றன. கையால் மாற்றினால் எங்காவது ஒன்று விட்டுப்போகும், எது விட்டுப்போனது என்றும் தெரியாது. அதனால் இப்போது எல்லாமே வெப்ஸ்பியரின் கட்டளைக் கருவியான டபிள்யூஎஸ்அட்மினில் ஓடும் ஜைத்தான் (ஜாவாவில் ஓடும் பைத்தான்) ஸ்கிரிப்ட்தான்.

முதலில் எழுதும் ஸ்கிரிப்ட் எதையும் மாற்றக் கூடாது, இருப்பதைப் படித்து எழுதிவைத்தால் போதும். அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் டபிள்யூஎஸ்அட்மினில் இருக்கும் அட்மின்கான்ஃபிக்கின் லிஸ்ட் கட்டளைக்கு டேட்டாசோர்ஸ் என்று கொடுங்கள். வருவது பட்டியல் போலத் தெரியும், உண்மையில் அது ஒரே நீளமான ஸ்ட்ரிங். ஸ்பிளிட்லைன்ஸ் போட்டு வரிவரியாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஷோஆட்ரிபியூட் வழியாகக் கனெக்‌ஷன்பூலின் ஐடியை வாங்கி, அதற்கு ஷோ கொடுத்து, கிடைப்பதைத் தேதி போட்ட கோப்பில் சேமியுங்கள். யாரும் கைவைக்காத பூலில் அதிகபட்சம் 10, குறைந்தபட்சம் 1, காத்திருப்பு 180 வினாடி, ரீப் டைம் (வேண்டாத இணைப்புகளைக் களையும் திரெட் ஓடும் இடைவெளி) 180, அன்யூஸ்டு டைம்அவுட் (இணைப்பு எவ்வளவு நேரம் சும்மா இருக்கலாம்) 1800, ஏஜ்டு டைம்அவுட் (இணைப்பின் மொத்த ஆயுள்) 0, அதாவது வரம்பில்லை, என்று இருக்கும்.

அடுத்தது சரியான பூலைப் பிடிப்பது. இங்கே ஒருமுறை நன்றாகவே சறுக்கினேன். பெயரைக் கொண்டு ஐடியைத் தேடித்தரும் கெட்ஐடிக்கு டேட்டா சோர்ஸின் பெயரை மட்டும் கொடுத்து, வந்ததில் முதல் வரியை எடுத்து, அதிகபட்சத்தை 10-லிருந்து 40 ஆக்கினேன். சேவ் ஆனது, சர்வர்களையும் ரீஸ்டார்ட் செய்தோம். மறுநாள் உச்ச நேரத்தில் லாகில் பழையபடி ஜே2சிஏ0045ஈ, கனெக்‌ஷன் கிடைக்காமல் காத்திருந்து நேரம் முடிந்தது என்று. காரணம், அதே பெயரில், அதே ஜேஎன்டிஐயோடு (அப்ளிகேஷன் அதைத் தேடும் பெயர்), செல் ஸ்கோப்பில் (மொத்தச் சூழலுக்கும்) ஒன்றும் கிளஸ்டர் ஸ்கோப்பில் (ஒரு சர்வர் குழுவுக்கு மட்டும்) ஒன்றும் இருந்தன. குறுகிய ஸ்கோப்புக்குத்தான் முன்னுரிமை. அப்ளிகேஷன் கிளஸ்டரில் இருந்ததை எடுத்துக்கொண்டிருந்தது, நான் மாற்றியதோ செல்லில் இருந்ததை. அன்றிலிருந்து கெட்ஐடிக்கு சர்வர்கிளஸ்டர், ஜேடிபிசிபுரொவைடர், டேட்டாசோர்ஸ் என்று முழுப் பாதையையும் கொடுக்கிறேன். திரும்பி வருவது ஒரே ஒரு வரியாக இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் எர்ரர் வராது, வெற்று ஸ்ட்ரிங்தான் வரும். அதையும் இந்தச் சோதனை பிடித்துவிடும்.

மாற்றுவது ஒரே கட்டளை. மாடிஃபைக்குப் பூலின் ஐடியையும், பெயர்-மதிப்பு ஜோடிகளையும் கொடுங்கள். எண்களையும் மேற்கோள் குறிக்குள் ஸ்ட்ரிங்காகவே கொடுங்கள். சேவ் செய்யும் முன் குவெரிசேஞ்சஸ் போட்டு எந்தக் கோப்புகள் மாறப்போகின்றன என்று பாருங்கள். எதிர்பாராத ஸ்கோப் தெரிந்தால் ரீசெட் கொடுத்து மாற்றத்தைக் கைவிடுங்கள். சரியாக இருந்தால் சேவ், அப்புறம் சர்வர்கள் ஓடும் நோடுகளுக்கும் மாற்றம் போய்ச்சேர அவற்றை சிங்க் செய்யுங்கள்.

என்ன எண் போடுவது என்பதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். அதிகபட்சம் 40 என்பது மொத்தக் கிளஸ்டருக்கு அல்ல, ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனி 40. நான்கு சர்வர்கள் என்றால் 160. எதிரே இருப்பது போஸ்ட்கிரெஸ் என்றால் அதன் இயல்பான வரம்பு 100, அதிலும் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியவை. பூலை மட்டும் பெரிதாக்கினால் நெரிசல் டேட்டாபேஸ் வாசலுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். அதனால் என் ஸ்கிரிப்ட் கிளஸ்டரில் எத்தனை சர்வர்கள் என்று எண்ணி, பெருக்கி, டேட்டாபேஸ் வரம்போடு ஒப்பிட்டபிறகுதான் மாடிஃபை பக்கமே போகும்.

நடுவில் ஃபயர்வால் இருந்தால் ஏஜ்டு டைம்அவுட்டையும் கவனியுங்கள். சும்மா கிடக்கும் இணைப்பை ஃபயர்வால் சத்தமில்லாமல் துண்டித்துவிடும், பூலுக்கு அது தெரியாது. அன்யூஸ்டு டைம்அவுட் மட்டும் இதற்குப் போதாது, ஏனென்றால் அது குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே போகாது. ஏஜ்டு டைம்அவுட்டுக்கு அந்தத் தடை இல்லை. ஃபயர்வாலின் நேரத்தைவிடக் குறைவாக அதை வையுங்கள். அதைச் செயல்படுத்துவது ரீப் டைமுக்கு ஒருமுறை ஓடும் திரெட்தான், எனவே ரீப் டைம் இன்னும் சிறியதாக இருக்கட்டும்.

கடைசியாக, ஓடும் சர்வரில் சரிபாருங்கள். டேட்டா சோர்ஸின் எம்பீனில் (ஓடும் சர்வரில் அதன் நிலையைக் கேட்டறிய உதவும் பொருள்) ஷோபூல்கன்டென்ட்ஸ் கூப்பிட்டால் எந்த இணைப்பு பயன்பாட்டில் இருக்கிறது, எது சும்மா இருக்கிறது, யாராவது காத்திருக்கிறார்களா என்று அப்படியே தெரியும். அப்ளிகேஷன் அந்த டேட்டா சோர்ஸை ஒருமுறையாவது தொட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எம்பீனே கண்ணில் படாது. நான் உச்ச நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதை ஓடவிட்டு, காத்திருப்போர் எண்ணிக்கையை மட்டும் கோப்பில் எழுதவைக்கிறேன். இரண்டு நாள் தொடர்ந்து அது பூஜ்யமாக இருந்தால்தான் மாற்றம் முடிந்தது என்று டிக்கெட்டை மூடுவேன்.