வலி மாத்திரை: வயிற்றைக் காக்கிறோம், சிறுநீரகத்தை மறக்கிறோம்

வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது என்பது ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். உடம்பில் நீர் வற்றிக் கிடக்கும்போது போடக்கூடாது என்பது பலருக்குத் தெரியாது. வெயிலும் உப்புக்காற்றும் உள்ள இந்தக் கரையில், முதல் தவறைவிட இரண்டாவதுதான் எனக்கு அதிகம் பயம் தருகிறது.

டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், நாப்ராக்சன் எல்லாம் ஒரே குடும்பம். புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் உருவாவதைத் தடுத்துத்தான் வலியையும் வீக்கத்தையும் இவை குறைக்கின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-ல் காட்டிய ஜான் வேனுக்கு 1982-ல் நோபல் பரிசு கிடைத்தது. சிக்கல் என்னவென்றால், இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும் அதே பொருள்தான். உடம்பில் நீர் குறையும் நேரத்தில், சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாய் சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான்.

வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்திக்குள் நிற்பவர்களையும், மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்க இறங்கும் பெண்களையும், படகில் வலை இழுப்பவர்களையும் நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்க வியர்வை. ஒதுங்க இடம் இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் எத்தனையோ பேர். இடுப்பும் தோளும் வலிக்கும் என்று தெரிந்து, வேலைக்குக் கிளம்பும்போதே ஒரு மாத்திரையைப் போட்டுக்கொள்வதும் உண்டு. உடம்பு வற்றும் நேரமும் மாத்திரையின் வேகமும் அப்போது ஒன்றாகச் சேர்கின்றன. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறுகிறது. இதில் வலியே தெரியாது. சீக்கிரம் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தொடர்ந்தால் பாதிப்பு நிரந்தரமாகலாம். டைக்ளோஃபினாக் கொடுக்கப்பட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்ததால்தான், 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. பறவையின் உடம்பும் நம் உடம்பும் வேறுதான். ஆனாலும் இந்த மருந்து எந்த உறுப்பில் கை வைக்கக்கூடும் என்பதற்கு அது ஒரு எச்சரிக்கை.

வேலைக்கு முன்னால் மாத்திரை வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள நாளில் தொடவே வேண்டாம். பொறுக்க முடியாத வலி என்றால், வீடு திரும்பி, நன்றாகத் தண்ணீர் குடித்து, சாப்பிட்ட பிறகு முதலில் பாராசிட்டமால் போட்டுப் பாருங்கள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் ஜெல் தடவலாம். ரத்தத்தில் கலக்கும் அளவு அதில் மிகக் குறைவு.

பிரஷர் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல காரியம். ஆனால் எனாலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரையோடு, சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரையும் எடுப்பவர் வலி மாத்திரையையும் சேர்த்தால், மூன்றும் கூடிச் சிறுநீரகத்தை நெருக்கும். வலி மாத்திரை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்குவதால் பிரஷரும் ஏறும். மாரடைப்பு, பக்கவாத ஆபத்தும் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-ல் தன் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் இபுப்ரோஃபென் போடக்கூடாது; ஆஸ்பிரினின் வேலையை அது கெடுக்கலாம்.

‘கூடவே கேஸ் மாத்திரை போடுகிறேனே’ என்பார்கள். அது வயிற்றைக் காக்கும், சிறுநீரகத்தைக் காக்காது. ‘ஊசி போட்டால் வயிற்றுக்குப் போகாது’ என்பதும் தவறு. மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் வேலை செய்கிறது, ஊசியாலும் இரைப்பையில் புண் வரும்.

மெடிக்கலில் ‘உடம்பு வலிக்கு ஒரு செட்டு’ என்று கேட்டு வாங்குவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். அட்டை இல்லாமல் பொட்டலத்தில் வரும் மாத்திரையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஸ்டீராய்டும் கலந்திருந்தால் இரைப்பைப் புண் ஆபத்து இன்னும் அதிகம். வீட்டில் ஏற்கெனவே ஜெரோடால் பி, காம்பிஃப்ளாம் என்று ஏதாவது இருந்தால், பெயர் வேறு, மருந்து ஒரே குடும்பம் என்று இரட்டிப்பாகிவிடும்.

டெங்கு சந்தேகமுள்ள காய்ச்சலில் இந்தக் குடும்பத்து மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டலாம், பாராசிட்டமால் மட்டும் போதும். கர்ப்பிணிகள், முக்கியமாக ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு, மருத்துவர் சொல்லாமல் எடுக்கவே கூடாது. ஆஸ்துமா உள்ள சிலருக்கு மூச்சிரைப்பு வரும்.

மலம் தார் போலக் கறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கால் முகம் வீங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். போட்ட மாத்திரையின் அட்டையையும் எடுத்துப் போங்கள், எத்தனை நாளாகப் போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.