ஆற்றுவாய் வெட்டின பிறகும் அதே இறகையா எறிவீர்கள்?

போன கிழமை மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பழைய பாலத்தில் இரண்டு பொடியன்மார் தூண்டில் எறிந்துகொண்டு நின்றார்கள். கையில் புது றொட். பெட்டி நிறைய, முள்ளில் இறகைக் கட்டிச் செய்த இறகுத் தூண்டில்: வெள்ளை, மஞ்சள், பச்சை, ரோசா. ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிறம் மாற்றினார்கள். பாலத்துக்குக் கீழே தண்ணீர், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை, அதாவது ஆற்றுவாயைப் பார்த்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அவர்களின் இறகோ ஒரு சாண்கூடத் தாழாமல் மேலாலேயே போகிறது. வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பத்து வருடத்துக்கு முன் அதே இடத்தில் நான் ஆடின கூத்துத்தான் அது.

முள் துருப்பிடிப்பது, மழுங்குவது, தங்கூசி (நைலோன் நூல்) சிக்குப்படுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை இரண்டு நாளில் தூண்டிலே படிப்பித்துவிடும். கீழே வருபவை இறகு கட்டுவதிலும் எறிவதிலும் நாம் விடும் மற்றப் பிழைகள்.

மட்டத்தைப் பார்த்து, இழுப்பைப் பார்க்காதது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும், முதலில் என்மீதுதான்.

நான் இறகு கட்டப் பழகியது ட்ரௌட் மீனுக்கென்று எழுதப்பட்ட கைநூல்களைப் பார்த்து. அது குளிர்ந்த தண்ணீர் கேட்கும் மீன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டார்கள். அந்த நூல்களில் ஒரு பாடம் திரும்பத் திரும்ப வரும்: மழைக்கு ஆறு பெருத்தால் பெரியதும் கறுத்ததும் பாரமானதுமாகக் கட்டு, வற்றித் தெளிந்தால் சிறிதாக, இறகைக் குறைத்துக் கட்டு. மலை ஓடைக்கு அது மெத்தச் சரி. அங்கே தண்ணீர் உயர்ந்தால் இழுப்பும் கூடும், வற்றினால் இழுப்பும் குறையும்.

நம் வாவி அப்படியில்லை. 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இந்தத் தண்ணீரின் மட்டத்தை மழையும் ஆற்றுவாயும்தான் தீர்மானிக்கின்றன. மாரி தொடங்கும்போது வாயை மணல் அடைத்திருக்கும். மேற்கே குளங்கள் வான்பாயும். தண்ணீர் நாளுக்கு நாள் ஏறும், ஆனால் ஓடாது. கரையில் நிற்கும் கண்டல் மரங்களும் பன்புல்லும் மூழ்கும். சின்ன மீனும் இறாலும் அதற்குள் ஏறும், பின்னாலேயே அவற்றைத் தின்னும் கொடுவா மீனும் ஏறும். அங்கே முழங்கால் அளவுத் தண்ணீர்தான். பிறகு வயல் தாழுது, வீட்டுக்குள் தண்ணி வருது என்று சனம் சத்தம் போட, ஆற்றுவாயை வெட்டுவார்கள். அன்றிலிருந்து மட்டம் இறங்கும், இழுப்போ உயிரை எடுக்கும். கொடுவா பாலத்துத் தூண்களுக்குப் பின்னால், சுழிக்குள், அடியில் போய்க் கிடக்கும்.

ஆகவே ஏறும் தண்ணீருக்கு இலேசான தூண்டில், இறங்கும் தண்ணீருக்குப் பாரமானது. கைநூல் சொன்னதற்கு நேர்மாறு.

எனக்கு இது விளங்க இரண்டு மாரி போனது. முதல் மாரியில் வாய் அடைத்துக் கிடந்தபோது ஈயமே இல்லாத ஒரு வெள்ளை இறகில் நல்ல கொடுவா ஒன்று ஏறிவிட்டது. அவ்வளவுதான், சம்பளக் காசில் விலை கூடின முள் வாங்கி அதே மாதிரி இருபத்திநாலு கட்டினேன். கட்டி முடிய வாயை வெட்டினார்கள். மூன்று இரவு பாலத்தில் நின்றேன், ஒரு தட்டுக்கூட இல்லை. பக்கத்தில் கைத்தூண்டிலில் உயிர் இறால் குத்திப் போட்டுக்கொண்டிருந்த வயசாளி ஒருவர் மூன்றாம் இரவு வாயைத் திறந்தார்:

“உண்ட இறகு மேலால போகுது, மீன் கீழ கிடக்கு. முதல்ல ஆழத்தப் பாரு மனே, மறுகா நிறத்தப் பாக்கலாம்.”

அடுத்த மாரிக்கு எல்லாவற்றிலும் ஈயத்தை ஏற்றினேன். வாய் இன்னும் அடைத்திருந்தது. கண்டல் வேருக்குள் எறிந்து ஒரே பின்னேரத்தில் ஒன்பதைப் பறிகொடுத்தேன்.

இப்போது ஒரே நிறத்தில் மூன்று பாரம் கட்டுகிறேன். ஈயம் இல்லாதது ஒன்று. குளியல் தொட்டி அடைப்பானில் தொங்குமே உருண்டைச் சங்கிலி, அதில் இரண்டு மணியை வெட்டிக் கண்ணாக வைத்தது ஒன்று. ஈயக்குண்டு வைத்தது ஒன்று. பெட்டிக்குள் கலந்தால் தெரியாது என்பதால் தலையைக் கட்டி முடிக்கும் நூலை முறையே வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று மாற்றிவிடுவேன். கட்டினதும் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். சிவப்புத் தலை ஆறுதலாக இறங்க வேண்டும், கறுப்புத் தலை ‘டக்’ என்று அடியில் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் பெரும்பாலும் இறகுதான் கூடிப்போயிருக்கும். அடர்த்தியாகக் கட்டின இறகு குடை மாதிரி விரிந்து தூண்டிலைத் தாழ விடாது. பாதியைக் கத்தரித்தாலே போதும்.

நிறம் பொருட்டே இல்லை என்று சொல்லவில்லை. கலங்கல் தண்ணீரிலும் இருட்டிலும் கறுப்பு, மீனுக்கு நிழலுருவாய்த் தெரியும். தெளிந்த தண்ணீரில் வெள்ளை. அதற்குமேல் கடைக்காரருக்குத்தான் ஆதாயம்.

ஈயக் கண்ணை முள்ளின் கூர்ப் பக்கம் கட்டுவது

முள்ளின் தண்டை கட்டும்போது கூர் கீழே பார்த்தபடி இருக்கும். பார்வைக்கு அழகாக இருக்கட்டுமென்று கண்ணையும் கீழ்ப்பக்கம் வைப்பார்கள். மேல்பக்கம் வையுங்கள். தண்ணீருக்குள் பாரம் கீழே போக, தூண்டில் தானாகக் கிறுகிக் கூர் மேலே வந்துவிடும். அடியில் கிடக்கும் மட்டியிலும் பழைய வலைத்துண்டிலும் கொளுவுவது பாதிக்குப் பாதி குறையும்.

கண்ணை எட்டுப்போடுவது போலக் குறுக்கும் மறுக்கும் சுற்றி, ஒவ்வொரு நாலு சுற்றுக்கும் ஒருக்கால் நூலை இழுத்து இறுக்குங்கள். விரலால் முறுக்கிப் பார்த்தால் அசையக்கூடாது. பிறகு நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு பூச்சு. முதல் பூச்சுக் காயாமல் இரண்டாவதைப் பூசினால் ஒட்டிக்கொண்டே கிடக்கும். என் மனைவியின் குப்பிகள் இப்படித்தான் வீணாய்ப் போயின.

தலை நூலால் முள்ளின் காதை அடைப்பது

இருட்டில், பாலத்தில், வாயில் ரோர்ச்சைக் கவ்விக்கொண்டு தங்கூசி கோர்க்கும்போது தெரியும்.

கடல் வற்றுப்பெருக்கு நேரத்தைப் பார்த்து வருவது

நம் கரையில் கடலின் ஏற்றவற்றம் முழங்கால்கூட வராது. வாய் அடைத்திருந்தால் வாவிக்கு அதுவும் இல்லை. முகத்துவாரத்துக்குப் போய் ஒருதரம் பார்த்துவிட்டு வந்து தூண்டிலைத் தெரிவுசெய்யுங்கள்.

கண்டலுக்குள் இறங்கி நின்று எறிவது

முதலை.

மெல்லிய தங்கூசியில் நேரே கட்டுவது

கொடுவாவுக்கு உருப்படியான பல் இல்லை என்று நம்பி மோசம் போகிறவர்கள் நிறைய. அதன் வாய் அரம், செவுள் மூடியின் ஓரம் சவர அலகு. தூண்டிலுக்கு மேலே ஒரு முழத்துக்காவது தடித்த தங்கூசி வேண்டும். அதையும் இறுக்கிக் கட்டாமல் சின்னக் கண்ணி விட்டுக் கட்டினால் இறகு தாராளமாக ஆடும். இறுக்கும் முன் முடிச்சை எச்சிலில் நனையுங்கள். காய்ந்த முடிச்சு உரஞ்சிச் சூடேறி, அந்த இடத்திலேயே பலம் இழக்கும்.

மீன் அறுத்துக்கொண்டு போனால் அடுத்ததை உடனே கட்டாமல், மிச்சத் தங்கூசியின் நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். பன்றி வால் மாதிரிச் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது. சிராய்த்து வெளுத்திருந்தால் செவுள் வேலை.