கேரட் செல்லுல இருந்து கரு வர வைக்கிறது எப்படி? ஆக்சினைப் போடுறதும் எடுக்கிறதும்

பூ இல்ல, விதை இல்ல, கேரட் நாத்தோட தண்டுத் துண்டுல இருந்தே கரு, அதாவது விதைக்குள்ள இருக்கற மாதிரி குட்டிச் செடி, வரும். 1958லயே தாவர விஞ்ஞானிகள் ஸ்டீவர்ட் அமெரிக்காவுலயும் ரைனெர்ட் ஜெர்மனியிலயும் கேரட்ல இதைக் காட்டிட்டாங்க, அதனால புதுசா பழகுறவங்களும் கேரட்லயே ஆரம்பிங்க.

முதல்ல விதையை பிளீச் கரைசல்ல ஊறவெச்சு, ஸ்டெரைல் தண்ணில நாலு தடவை அலசி, ஹார்மோன் இல்லாத அகார்ல (கடல்பாசி ஜெல்லி) முளைக்க விடுங்க. பத்து நாள்ல நாத்து வந்துடும். விதையிலைக்குக் கீழ இருக்கற தண்டை லேமினார் ஃப்ளோவுக்குள்ள (கிருமியில்லாத காத்து வீசுற மேடை) வெச்சு 1 சென்டிமீட்டர் துண்டா நறுக்குங்க.

அடுத்து எம்எஸ் மீடியம் (முராஷிகி-ஸ்கூக், செல் வளர்க்கற சத்துக் கலவை). லிட்டருக்கு சர்க்கரை 30 கிராம், அகார் 8 கிராம், 2,4-டி (செயற்கை ஆக்சின், ஆக்சின்னா செடியோட வளர்ச்சி ஹார்மோன்) 1 மில்லிகிராம், பிஹெச் 5.8, அப்புறம் 121 டிகிரில ஆட்டோகிளேவ் (அழுத்தமான நீராவில கிருமி நீக்கறது). வயல்ல களைக்கொல்லியா அடிக்கிற அதே 2,4-டி தான், நேரா தண்ணில போட்டா சரியா கரையாது, கொஞ்சம் எத்தனால்ல கரைச்சுட்டு சேருங்க. 25 டிகிரில வெச்சா மூணு நாலு வாரத்துல கேலஸ் (உருவமில்லாத செல் திரள்) வரும். இளமஞ்சளா, ரவை மாதிரி குருணை குருணையா, ஊசி பட்டாலே உதிர்றதை மட்டும் எடுங்க, கண்ணாடி மாதிரி தண்ணியா இருக்கறது வேண்டாம்.

இப்போதான் முக்கியமான கட்டம், 2,4-டியை நிறுத்தணும். செல்லைப் பிரிஞ்சு பெருக வெச்சு, கருவா மாறுற தகுதியைக் கொடுக்கிறது அதுதான், ஆனா சுத்தி எல்லாப் பக்கமும் ஆக்சின் இருந்துட்டே இருந்தா அந்த செல் கூட்டத்துக்கு மேல் எது கீழ் எதுன்னே பிடிபடாது, வெளி ஆக்சின் போனதும் கரு தனக்குள்ள இருக்கற ஆக்சினைத் தானே ஒரு பக்கமா நகர்த்தும், அப்போதான் உருண்டையா இருந்தது இதய வடிவம் ஆகும், பிறகு டார்பிடோ மாதிரி நீளும். அதனால கேலஸை 2,4-டி இல்லாத திரவ எம்எஸ்ல ரெண்டு மூணு தடவை கழுவிட்டு அதே மீடியத்துல ஷேக்கர்ல விடுங்க. நான் முதல் தடவை கழுவாம அப்படியே மாத்திட்டேன், மூணு வாரம் கழிச்சும் வெறும் கேலஸ்தான், ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

சைட்டோகைனின்ங்கிற இன்னொரு செடி ஹார்மோன் கேரட்டுக்கு இல்லாமலே நடக்கும், ரொபஸ்டா காபி இலைக்கு அதுதான் முக்கியம், செடிக்குச் செடி மாறும். கரு முதிர்றதுக்கு முன்னாடியே முளைக்கப் பாத்தா அப்சிசிக் ஆசிட்ங்கிற செடி ஹார்மோனைக் கொஞ்சமா சேருங்க, நிதானமா முதிரும்.

ரெண்டு மூணு வாரத்துல ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாருங்க. உருண்டையோட தலையில ரெண்டு சின்ன மேடு எழும்பியிருந்தா அதுதான் விதையிலை வரப்போற இடம்.